ஒலிவாங்கியை வாங்கும் முன் அறையைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் பத்திரிகையின் வாசகர் பகுதியில் இரண்டு வாரங்களுக்கு முன்னர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த தந்தை ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் தமது மகனுக்கு, வீட்டிலேயே பாடல்களை ஒலிப்பதிவு செய்ய ஓர் இடம் அமைத்துக் கொடுக்க விரும்புவதாகவும், விசாரித்த இடங்களில் எல்லாம் நான்கு, ஐந்து இலட்சம் ரூபாவுக்குக் குறையாமல் பட்டியல் எழுதிக் கொடுத்ததாகவும், தம்மிடம் இருப்பது ஒன்றரை இலட்சம் மாத்திரமே என்றும், அதை வைத்து உருப்படியாக ஏதேனும் செய்ய முடியுமா என்றும் அவர் கேட்டிருந்தார். நிச்சயமாகச் செய்ய முடியும். ஆனால் அந்தப் பணத்தை எதற்கு முதலில், எதற்குப் பிறகு செலவிடுவது என்ற ஒழுங்கில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தவறிவிடுகின்றன. அப்படித் தவறிய ஒரு குடும்பத்தை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடம் கருதி இதைச் சுருக்காமல் வெளியிடுவீர்களாயின் நன்றியுடையவளாவேன்.

நான் கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சங்கீதம் கற்பித்து ஓய்வுபெற்றவள். இப்பொழுது வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் வசிக்கிறேன். மாலை வேளைகளில் பன்னிரண்டு பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். ஒலிப்பதிவுத் தொழில்நுட்பத்தை முறையாகக் கற்றவள் அல்லள். வீட்டில் ஓர் அறையை ஒழுங்குபடுத்தி, பிழைவிட்டு, கழற்றி, மறுபடியும் பூட்டி, தெரிந்தவர்களிடம் கேட்டுக்கேட்டு அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், டொலர் இன்னும் 200 ரூபா அளவில் நின்ற காலத்தில், என் பழைய மாணவர் ஒருவரின் தாயார் தமது காப்புச் சோடியை அடகு வைத்து மகனுக்கு ஒலிப்பதிவுச் சாமான்கள் வாங்கிக் கொடுத்தார். கடைக்காரர் எழுதிக் கொடுத்த பட்டியலில் நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கொன்டென்சர் வகைப் பெரிய ஒலிவாங்கி ஒன்றும், ஒலிவாங்கியைக் கணினியுடன் இணைக்கும் ஓடியோ இன்டர்பேஸ் ஒன்றும், ஒலிபெருக்கிச் சோடி ஒன்றும், சுவரில் ஒட்டுவதற்கு முட்டைத் தட்டுப் போலப் புடைத்த ஸ்பொஞ்சுத் துண்டுகள் இருபத்துநான்கும் இருந்தன. அறையைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவர் கேட்கவில்லை. அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறை காலி வீதியைப் பார்த்தது. பத்து அடிக்குப் பத்து அடி. தரையில் பளிங்கு ஓடு, சுவரில் வெறும் சீமெந்துப் பூச்சு, யன்னலுக்கு மேலே காற்றுப் போக விட்ட துவாரங்கள். பையன் பாடிப் பதிந்ததைக் கொண்டுவந்து எனக்குப் போட்டுக் காட்டினான். பஸ்ஸின் ஹோர்னும், கிணற்றுக்குள் நின்று பாடியது போன்ற எதிரொலியும் ஒருபுறம் இருக்க, மந்திர ஸ்தாயி, அதாவது கீழ்ஸ்தாயி, 'நி' சுரமான நிஷாதத்தில் அவன் வந்து நிற்கும்போதெல்லாம் குரல் திடீரென்று ஊதிப் பெருத்தது. அவன் ஒரு கட்டைச் சுருதியில் பாடுபவன். கீழ்ஸ்தாயிக்கு நன்றாக இறங்கக்கூடிய குரல். அந்தப் பெருப்பு தன் சாரீரத்தின் குறை என்று அவன் நம்பிவிட்டான். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன் என்பதை எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த நிஷாதத்தைத் திருத்தச் சொல்லி ஒரு மாதம் அவனுக்கு அசுர சாதகம், அதாவது கடும் பயிற்சி, கொடுத்தேன். பிறகு மின்வெட்டு வந்தது, அந்த மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருளில் இருந்தோம், டொலர் 350 ரூபாவையும் கடந்தது. வீட்டை மாற்ற வேண்டிய நிலை வந்தபோது, ஒட்டிய ஸ்பொஞ்சைக் கழற்றுகையில் சுவர்ப் பூச்சும் சேர்ந்து உரிந்து வந்ததால், கொடுத்த முற்பணத்தில் ஒரு பகுதியையும் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

அந்த நிஷாதத்துக்கு உண்மையில் என்ன நடந்தது என்பதை எனக்கு விளக்கியவர் என் தங்கையின் மகன். அவர் பொறியியல் படித்தவர். ஒலி நம்முடைய வெப்பத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர் ஓடுகிறது. எதிரெதிரே இரண்டு வெறுஞ்சுவர்கள் பத்து அடி, அதாவது மூன்று மீற்றர் அளவு இடைவெளியில் நின்றால், சுமார் 57 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு 57 அதிர்வுகள்) அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் அந்த இடைவெளி தானாகவே முழங்கத் தொடங்கும். இரண்டாவது மடங்கு 114 ஹேர்ட்ஸ். ஒரு கட்டைச் சுருதியில் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் ('ஸ') ஏறத்தாழ 131 ஹேர்ட்ஸ் என்றால், அதற்குக் கீழே உள்ள கைசிகி வகை நிஷாதம் 116 ஹேர்ட்ஸுக்கு அருகே விழுகிறது. அறையின் முழக்கமும் பையனின் நிஷாதமும் ஏறக்குறைய ஓரிடத்தில் வந்து மோதின. அறை சதுரமாக இருந்ததால் நீளச் சுவர்களும் அகலச் சுவர்களும் ஒரே சுரத்தையே தூக்கிக் கொடுத்தன. நீளமும் அகலமும் வேறுபட்டிருந்தால் இந்த முழக்கம் இரண்டு இடங்களில் பிரிந்து போயிருக்கும். குரலில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆதலால் அந்தத் தந்தையிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, ஒரு சாமானும் வாங்குவதற்கு முன்னர் வீட்டில் உள்ள ஒவ்வோர் அறையிலும் மகனைப் பாடவிட்டு, சாதாரணக் கைத்தொலைபேசியிலேயே பதிந்து கேட்டுப் பாருங்கள் என்பதாகும். அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தட்டலின் பின்னால் சிறகடிப்பதைப் போன்ற ஒரு படபடப்புக் கேட்டால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று அறியலாம். சதுர அறையைத் தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால் அதன் நடுவில் நின்று பாடுவதையாவது தவிருங்கள்.

நான் பதின்மூன்று வயதில், பாடசாலைக் குழுவுடன் சுதந்திர சதுக்கத்துக்கு அருகில் உள்ள ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்குப் பாடப் போயிருக்கிறேன். கொழும்பில் 1925 டிசம்பர் 16 அன்று தொடங்கிய வானொலி, 1967 இல் கூட்டுத்தாபனமாகி மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. கனத்த கதவொன்றைத் திறந்து, இன்னொரு கனத்த கதவு வரும்வரை ஒரு சிறு இடைவெளியில் நின்று, பிறகு உள்ளே போனதும், என் மூச்சு எனக்கே கேட்டது. காதில் பஞ்சு வைத்ததைப் போல இருந்தது என்று ஒரு பிள்ளை பயந்து அழுதாள். ஒலிவாங்கி எப்படி இருந்தது என்பது இப்போது என் நினைவில் இல்லை, அந்த அமைதி மாத்திரம் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தத் தலைமுறை அறைக்கே முதற் செலவைச் செய்தது. கருவி அதன் பிறகுதான் உள்ளே வந்தது.

இங்கு இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் கடைகளில் இரண்டையும் ஒன்றாக்கியே பேசுகிறார்கள். வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒன்று. உள்ளே பாடும் குரல் சுவரில் பட்டுத் திரும்பாமல் உறிஞ்சுவது மற்றொன்று. முதலாவதற்குப் பாரமும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினாலும் ஒலியளவின் அலகான டெசிபெல்லில் ஏறத்தாழ 6 மட்டுமே குறையும் என்பதால், வெளிச்சத்தத்தை முழுமையாகத் தடுப்பது ஒன்றரை இலட்சத்தில் நடக்கக்கூடிய காரியம் அன்று. ஸ்பொஞ்சு எடையற்றது, அதை எத்தனை துண்டு ஒட்டினாலும் காலி வீதிப் பஸ்ஸை அது நிறுத்தாது. முட்டைத் தட்டும் அப்படியே. அதை ஒட்டி ஏமாந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். அது சத்தத்தைத் தடுப்பதும் இல்லை, ஒழுங்காக உறிஞ்சுவதும் இல்லை, தீப்பற்றினால் மாத்திரம் நன்றாக எரியும்.

ஆகவே வெளிச்சத்தத்தைப் பணத்தால் தடுக்க முயலாமல், அறையையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தே அதைத் தவிர்க்க வேண்டும். வீதியை நோக்கிய விசாலமான முன்னறையைவிட, வீட்டின் உட்புறத்தில் யன்னலில்லாத சாமான் அறை இதற்குச் சிறந்தது. என் வீட்டில் காகம், கடற்கரை ரயில், மூன்று மணிக்கு மேல் பேத்தோவனின் மெட்டை ஒலித்தபடி வரும் பாண் முச்சக்கரவண்டி, மாலை நேரக் கோயில் மணி எல்லாவற்றையும் ஒரு வாரம் கொப்பியில் குறித்துவைத்தேன். அதன்படி இரவு பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் ஒன்றரை மணித்தியாலமும், ஞாயிறு விடியற்காலையில் சிறிது நேரமும் கிடைத்தன. அடைமழை பெய்தால் அன்று பதிவு இல்லை. மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும்; கொழும்பின் புழுக்கத்தில் அது எளிதன்று என்பதால், இருபது நிமிடம் பாடுவது, பிறகு கதவைத் திறந்துவிட்டுத் தண்ணீர் குடிப்பது என்று வைத்துக்கொண்டோம். கதவின் அடியிலும் ஓரங்களிலும் உள்ள இடுக்குகளை இறப்பர்ப் பட்டி ஒட்டி அடைத்தது சில நூறு ரூபாச் செலவில் முடிந்தது. செய்தவற்றுள் மிக அதிகப் பலன் தந்த செலவு அது என்றே நினைக்கிறேன், ஏனெனில் காற்று நுழையும் வழியாகத்தான் சத்தமும் நுழைகிறது.

இரண்டாவது விடயமான எதிரொலியை உறிஞ்சுவது நம் கைக்கு எட்டியது. நார்நாரான, காற்றுப் புகக்கூடிய, தடித்த பொருள் எதுவும் ஒலியை உறிஞ்சும். தடிப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குக் கீழ்ஸ்தாயி வரை அது வேலை செய்யும். நம் பையனின் மந்திரப் பஞ்சமம் சுமார் 98 ஹேர்ட்ஸ். அதன் அலைநீளம் மூன்றரை மீற்றருக்கும் மேல். ஒரு அங்குல ஸ்பொஞ்சு அதற்கு இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. அது மேல்ஸ்தாயிக் கூர்மையை மட்டும் தின்றுவிட்டு, கீழ்முழக்கத்தை அப்படியே விட்டுவிடுவதால், குரல் போர்வைக்குள் இருந்து கேட்பதைப் போல ஆகிவிடுகிறது. நாங்கள் செய்தது என்னவென்றால், ஹாட்வெயார்க் கடையில் கூரைக்கு வெப்பம் தடுக்க விற்கும் ரொக்வூல் பலகைகளை வாங்கி, நான்கு அடிக்கு இரண்டு அடி மரச் சட்டங்களுக்குள் நான்கு அங்குலத் தடிப்பில் வைத்து, பழைய பருத்திச் சேலைகளால் இறுக்கிச் சுற்றித் தைத்தோம். அந்த நார் தோலை அரிக்கும், மூச்சுக்குள் போகவும் கூடாது. ஆகையால் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு வெளியில் வைத்து வேலை செய்து, ஓர் ஓட்டையும் இல்லாமல் துணியால் மூட வேண்டும். சட்டங்களைச் சுவரில் அடிக்காமல் கால் வைத்து நிறுத்தினோம். வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாதவர்களுக்கு இது மிக முக்கியம். வீடு மாறும்போது கையோடு எடுத்துப் போகலாம், சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி நிறுத்தினால் அந்த இடைவெளியே உறிஞ்சும் ஆற்றலையும் கூட்டுகிறது. சுவரோரமாக ஒரு தும்பு மெத்தையை நிமிர்த்தி வைத்தோம். சேலை நிறைந்த அலுமாரியின் கதவுகளைத் திறந்துவிட்டோம். தரையில் பழைய கம்பளம். இவை எல்லாவற்றுக்கும் ஆன செலவு 27,000 ரூபா.

உறிஞ்சும் பலகையை எங்கே நிறுத்துவது என்பதிலும் அநேகர் தவறுகிறார்கள். ஒலிவாங்கியின் முதுகுப்புறம் ஸ்பொஞ்சுக் கூடு ஒன்றை மாட்டிவிட்டுப் பாடுபவரின் முதுகுப்புறச் சுவரை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். பொதுவாக நாம் வாங்கும் ஒலிவாங்கி முன்புறம் வரும் ஒலியையே அதிகம் வாங்கும். பின்புறம் அதற்குச் செவிடு. அது பார்த்துக்கொண்டிருப்பது பாடுபவரின் முகத்தையும், அதற்குப் பின்னால் உள்ள சுவரையும். ஆகவே மெத்தை பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். கதவு, யன்னல் போன்ற சத்தம் வரும் திசைக்கு ஒலிவாங்கியின் முதுகைக் காட்ட வேண்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இனி ஒலிவாங்கி. கொன்டென்சர் வகையே தரமானது, டைனமிக் வகை மேடைக்கு மட்டுமே என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். நல்ல அறையில் நல்ல கொன்டென்சர் குரலின் நுண்மையான அசைவுகளையும் பிடிக்கும் என்பது உண்மையே. ஆனால் நம் வீட்டு அறைகளுக்கு, வாய்க்கு மிக அருகில் வைத்துப் பாடுவதற்கென்றே செய்யப்பட்ட டைனமிக் ஒலிவாங்கி கூடுதல் மன்னிப்புக் குணம் உடையது. இதில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும்: டைனமிக் வகை அறைச்சத்தத்தைத் தானாகவே வடிகட்டுவதில்லை. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் கூடுகிறது, அறையின் எதிரொலியோ அப்படியே நிற்கிறது. அந்த நெருக்கமே வேலையைச் செய்கிறது. ஆகையால் ஏற்கெனவே கொன்டென்சர் வாங்கிவிட்டவர்கள் அதை எறிய வேண்டியதில்லை, ஒரு சாண் தூரத்துக்குள் நெருங்கிப் பாடினாலே பாதிக் குறை தீரும். 1966 இல் வெளிவந்த ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58 என்ற டைனமிக் ஒலிவாங்கி இன்றும் அதே வடிவில் விற்கப்படுகிறது. அதன் பாவித்த பிரதி ஒன்றையே நான் 22,000 ரூபாவுக்கு வாங்கினேன். போலிகள் மலிந்த பொருள் என்பதால், தெரிந்த ஒருவரிடமிருந்து, பாடிப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

நெருங்கிப் பாடும்போது இரண்டு தொல்லைகள் உண்டு. கீழ்ஸ்வரங்கள் இயல்புக்கு மீறிக் கனக்கும். அதைக் கணினியில் பிறகு சிறிது குறைத்துவிடலாம். மற்றையது மூச்சடிப்பு. தமிழின் பகரம் மென்மையானது என்றாலும், தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகளில் வரும் அழுத்தமான பகரங்கள் ஒலிவாங்கியில் குண்டு விழுந்ததைப் போலக் கேட்கும். பூத்தையல் வளையம் ஒன்றில் மெல்லிய நைலோன் காலுறையை இரட்டையாக இழுத்துப் பூட்டி, ஒலிவாங்கிக்கு நாலு விரல் முன்னால் நிறுத்தினோம். கடையில் விற்கும் வலைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஓடியோ இன்டர்பேஸ் என்பது ஒலிவாங்கியின் மெல்லிய மின்குறியைப் பெருக்கி, எண்களாக மாற்றிக் கணினிக்குக் கொடுக்கும் சிறிய பெட்டி. குரலை மட்டும் பதிவதாயின், நேராகக் கணினியில் செருகும் யூஎஸ்பி ஒலிவாங்கியே போதும். ஆனால் பிறகு மிருதங்கத்தையோ வயலினையோ சேர்த்துப் பதிய விரும்பும் பிள்ளைக்கு இரண்டு ஒலிவாங்கிகள் பூட்டக்கூடிய பெட்டியே உதவும். கொன்டென்சருக்குத் தேவையான 48 வோல்ட் மின்சாரத்தையும் அது கொடுக்க வேண்டும், பிற்காலத்தில் உதவும். பாவித்த ஒன்று எனக்கு 32,000 ரூபாவுக்குக் கிடைத்தது. 24 பிட் அளவில் பதியும் வசதி இப்போது மலிவான பெட்டிகளிலும் உண்டு. அதன் பயன் என்னவென்றால் ஒலியளவைத் தாராளமாகக் குறைத்து வைத்துப் பதியலாம். உச்சஸ்தாயியில் முழுக்குரலில் பாடும்போது அளவுமானி, உச்ச எல்லையான பூச்சியத்துக்குக் கீழே, கழித்தல் 12 டெசிபெல் அளவில் நின்றால் போதும். நம் பிள்ளைகள் சிவப்பு விளக்கு எரியும்வரை கூட்டிவைக்கிறார்கள். அப்படி உடைந்துபோன குரலை எந்த மென்பொருளாலும் பழையபடி ஒட்ட முடியாது.

ஒலிபெருக்கிச் சோடியை ஆரம்பத்தில் வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. திருத்தப்படாத சிறிய அறையில் விலையுயர்ந்த ஒலிபெருக்கியும் அந்த அறையின் பொய்யையே சொல்லும், அயல்வீட்டாருக்கும் தொல்லை. காதை முழுவதும் மூடும் ஹெட்போன் ஒன்று போதும்; 14,000 ரூபா கொடுத்தேன். கர்நாடக சங்கீதம் பாடுபவருக்கு அது வேறொரு வகையிலும் இன்றியமையாதது. தம்புராவையோ சுருதிப் பெட்டியையோ அறையில் ஒலிக்கவிட்டால் அது குரலோடு கலந்து பதிந்துவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. கைத்தொலைபேசியில் உள்ள சுருதிச் செயலியை ஹெட்போன் வழியாகக் கேட்டுக்கொண்டு பாடினால், குரல் தனியாகவும் சுத்தமாகவும் நிற்கும். தம்புராவைத் தனியே பதிந்து சேர்க்கலாம். ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடினால் சுருதி விலகாது என்பது என் பிள்ளைகளின் அனுபவம். தன் குரல் காதில் சற்றுத் தாமதித்து வருவதாகப் பிள்ளை முறையிட்டால், கணினி வழியாகக் கேட்காமல் பெட்டியிலிருந்தே நேராகக் கேட்கும் பொத்தானைப் போட்டுவிட வேண்டும்.

பாட்டும் மிருதங்கமும் ஒன்றாகப் பதியும்போது, ஒருவர் ஒலி மற்றவரின் ஒலிவாங்கியில் ஏறுவதை முழுவதும் தவிர்க்க முடியாது. தனித்தனியே பதிந்து ஒட்டலாம் என்கிறார்கள். நான் அதை விரும்பவில்லை. பாடுபவரின் முகத்தைப் பார்க்காமல் மிருதங்கக்காரர் எப்படித் தீர்மானத்துக்கு, அதாவது முடிவில் வாசிக்கும் சொற்கட்டுக்கு, தயாராவார்? ஒருவரையொருவர் எதிரெதிரே அமர்த்தி, ஒவ்வொருவரின் ஒலிவாங்கியும் மற்றவருக்கு முதுகு காட்டும்படி வைத்தால், கேட்கத்தக்க அளவுக்குப் பிரிந்து வருகிறது.

மென்பொருளுக்கு முதல் ஆண்டில் பணம் தேவையில்லை. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒடாசிட்டி முற்றிலும் இலவசமானது. குரலையும் ஒன்றிரண்டு வாத்தியங்களையும் பதிந்து சீர்செய்ய அது தாராளமாகப் போதும். அடுத்த கட்டத்துக்கு ரீப்பர் என்ற மென்பொருளை அறுபது நாள் பரீட்சித்துப் பார்த்துவிட்டு, தனிநபர்களுக்கான 60 டொலர் அனுமதியை வாங்கலாம். டொலர் 300 ரூபா அளவில் இருந்தால் அது ஏறத்தாழ 18,000 ரூபா. உடைத்த பிரதிகளைக் கைமாற்றிக்கொள்ளும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் பரவலாக இருக்கிறது. பிறருடைய உழைப்பைத் திருடித் தன் இசை வாழ்வைத் தொடங்குவதைப் பெற்றோர் அனுமதிக்கக் கூடாது. அதனோடு வரும் வைரஸ் பதிவுகள் அனைத்தையும் அழித்த கதையும் என் வகுப்பிலேயே உண்டு.

தாங்கியும் வயரும் 9,000 ரூபா. ஏற்கெனவே வீட்டில் இருந்த மடிக்கணினியை விட்டுவிட்டுப் பார்த்தால், எல்லாமாக எனக்கு ஆனது 104,000 ரூபா. இதில் கால்பங்குக்கும் மேல் அறைக்கே போனது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதமாகி, புதுச் சாமான்களின் விலை மேலும் ஏறியிருப்பதால், பாவித்தவற்றைத் தேடுவதே புத்திசாலித்தனம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பம்பலப்பிட்டியிலும் வயர், செருகி, தாங்கி போன்ற சில்லறைச் சாமான்களை விலை கேட்டு வாங்கலாம். கடைக்குப் போகும்போது தந்தையார் தமது அறையின் நீள அகலத்தை எழுதிக் கொண்டுபோக வேண்டும். அதைக் கேட்காமலே பட்டியல் எழுதத் தொடங்கும் கடையிலிருந்து வெளியேறிவிடலாம்.

கொழும்பில் இருப்பவர்கள் இரண்டு விடயங்களில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். கடற்காற்றின் ஈரமும் உப்பும் ஒலிவாங்கியைக் கெடுக்கும். முக்கியமாகக் கொன்டென்சரின் மெல்லிய தகட்டில் ஈரம் படிந்தால் பொரிவதைப் போன்ற ஒலி வரும். காற்றுப் புகாத மூடியுள்ள டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளுடன் வைக்க வேண்டும், அரிசிக்குள் புதைத்து வைத்தால் தூசு ஏறும். மற்றையது மின்சாரத்தின் முரல்வு. பதிவில் விடாமல் ஒரு கீழ்ச்சுரம் ரீங்கரித்தால், மடிக்கணினியின் மின்கம்பியைக் கழற்றிவிட்டு பற்றரியில் பதிந்து பாருங்கள். அப்போது முரல்வு நின்றால் குற்றம் மின் இணைப்பில் உள்ளது. புவியிணைப்புச் சரியாக உள்ளதா என்று மின்தொழிலாளரைக் கொண்டு பார்க்க வேண்டும். முரல்வைப் போக்குவதற்காகச் செருகியின் புவிமுனையைத் துண்டித்துவிடும் வழக்கம் உயிராபத்தானது, யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

இப்படி ஓர் அறை அமைந்தால் அது பிள்ளையின் பாட்டுக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டியதில்லை. எங்கள் மாடியில் வசிக்கும் எண்பத்தொரு வயதான அம்மா ஒருவர் மட்டக்களப்புத் தாலாட்டுகளையும் வசந்தன் பாட்டுகளையும் தம் தாயாரிடம் கேட்டபடியே பாடுவார். கடந்த ஆண்டு மூன்று இரவுகளில் அவரை அந்த அறையில் அமர்த்திப் பதிந்தேன். நின்று பாட முடியாததால் கதிரையில் இருத்தி, ஒலிவாங்கியைத் தாழ்த்தி வைத்தோம். ஒரு பாட்டின் நடுவில் அவர் அடியை மறந்து மூன்று நிமிடம் மௌனமாக இருந்ததையும் நான் வெட்டவில்லை. கொழும்பில் ஒவ்வொரு தொடர்மாடியிலும் இப்படி ஒருவர் இருக்கிறார்; மலையகத்துக் காமன் கூத்துப் பாட்டைப் பாடத் தெரிந்தவர், தேவாரத்தைப் பழைய பண்முறையில் ஓதுபவர். அவர்களைக் கைத்தொலைபேசியில் மின்விசிறிச் சத்தத்துடன் பதிந்து வைத்திருக்கிறோம். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் அளவில் ஒரு குரலை ஒரு மணித்தியாலம் பதிந்தாலும் 520 மெகாபைட்டுக்குள்ளேயே அடங்குகிறது. அதை எம்பி3 ஆகச் சுருக்காமல், முழு அளவிலேயே, இரண்டு வெவ்வேறு கணினி வன்தட்டுகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த அம்மாவின் பதிவுகளின் இரண்டாம் பிரதி தெஹிவளையில் என் தங்கை வீட்டில் இருக்கிறது.

காப்பை அடகு வைத்த குடும்பத்துப் பையன் இப்போது ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறார். சென்ற சித்திரை விடுமுறையில் அவரை வரவழைத்து, என் சாமான் அறையில், அவருடைய பழைய கொன்டென்சரையே வைத்து, அதே கீர்த்தனையைப் பாடச் சொன்னேன். நிஷாதத்தில் வந்து நின்றபோது குரல் பெருக்கவில்லை. அவர் ஹெட்போனைக் கழற்றாமல் அந்த இடத்தையே ஐந்தாறு தடவை திரும்பத் திரும்பக் கேட்டார்.

கொட்டாஞ்சேனைத் தந்தையார் விரும்பினால், எதையும் வாங்குவதற்கு முன்னர் தமது மகனை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு அதிகாலையில் என் வீட்டுக்கு வரட்டும். ஒரே ஒலிவாங்கியில், முதலில் என் முன்னறையிலும் பிறகு அந்த உள்ளறையிலும் அவர் குரலைப் பதிந்து, இரண்டையும் அருகருகே கேட்கச் செய்வேன். பலகைகளின் அளவுகளையும் எழுதித் தருவேன். என் முகவரியும் தொலைபேசி இலக்கமும் தங்கள் அலுவலகத்தில் உள்ளன. அவற்றை அவருக்குக் கொடுக்கத் தங்களுக்கு என் சம்மதம் உண்டு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06